பெண்கள் ரோயிங்: படகில் இடமா, பட்டியலில் இடமா?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு ரோயிங், அதாவது துடுப்புப் படகு, அணி ஆரம்பித்தது சமத்துவத்துக்காக என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது வெறும் கணக்கு. அமெரிக்க ஃபுட்பாலில் நூறு ஆண்கள் இருக்கிறார்கள், அதற்கு ஈடாக நூறு பெண்களைக் காட்ட வேண்டும், அதனால் எட்டு எட்டாக உட்கார வைக்கிற ஒரு விளையாட்டைத் தேடிப் பிடித்தார்கள். இன்னொரு பக்கம் ஆண்களின் மல்யுத்த அணிகளை மூடினார்கள். துடுப்பையே பார்த்திராத பெண்களைப் பிடித்து உட்கார வைத்து, டைட்டில் நைன் என்கிற ஆண்-பெண் சமத்துவச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவதில் என்ன பெருமை?

6 செப்டம்பர், இரவு

துடுப்பையே பார்த்திராத அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. பதில் எழுதாமல் தூக்கம் வரவில்லை.

1997. அப்பாவின் வேலைக்காக மதுரையிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மிட்வெஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, பெயர் வேண்டாம். முதல் வாரத்தில் புல்வெளி முழுக்க மேசை போட்டு ஒவ்வொரு குழுவும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு மேசைக்குப் பின்னால் லாரி நீளத்துக்கு ஒரு படகு. பயிற்சியாளர் அந்தப் பக்கம் போகிற உயரமான பெண்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். என் அறைத்தோழி ஐந்தடி பதினோரு அங்குலம், பள்ளியில் வாலிபால் ஆடியவள், அவளை நிறுத்தினார். நான் ஐந்தடி, பக்கத்தில் சும்மா நின்றேன். அவளிடம் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் கத்து, குரலைக் கேட்கலாம்" என்றார். கத்தினேன். அன்றைக்கே காக்ஸ் ஆகிவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: துடுப்பு வலிக்கிற எட்டுப் பேரும் படகு போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். போகிற வழியைப் பார்க்கிறவள் பின்கோடியில் சுக்கானைப் பிடித்திருக்கிற காக்ஸ் மட்டும்தான். வேகம், தாளம், எப்போது முழு பலத்தையும் போட வேண்டும், பக்கத்துப் படகு எங்கே இருக்கிறது, எல்லாம் அவள் வாய்ச்சொல்.

கேள்வியில் சொன்ன கணக்கு உண்மை. எங்கள் அணி அந்தக் கணக்கில் பிறந்ததுதான், அதை யாரும் எங்களிடம் மறைக்கவும் இல்லை. ஆனால் "அதில் என்ன பெருமை" என்று கேட்கிற இடத்தில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

7 செப்டம்பர்

"ஆக, நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டைட்டில் நைன் சட்டத்தில் நிக்சன் கையெழுத்துப் போட்டது 1972 ஜூன் 23. அதன் மைய வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள். மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்ற காரணத்தால் யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் கிடையாது. இருந்தாலும் விளையாட்டுத் துறைகளுக்கு உடனே உறைத்தது. 1974-இல் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர், வருமானம் தருகிற விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஃபுட்பாலுக்குத் தனிச் சலுகை கிடையாது என்பது அன்றைக்கே முடிவான விஷயம், இன்றைக்குப் புதிதாகச் சண்டை போட ஒன்றுமில்லை.

சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதை எப்படிக் காட்டுவது என்று 1979-இல் மத்திய அரசு மூன்று வழிகள் சொன்னது. மாணவர்களில் பெண்கள் எத்தனை சதவீதமோ, ஏறக்குறைய அதே சதவீதம் விளையாட்டிலும் இருக்க வேண்டும். அல்லது பெண்களுக்கான வாய்ப்புகளைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்த வரலாறு இருக்க வேண்டும். அல்லது அங்கே படிக்கிற பெண்களின் ஆர்வத்துக்கும் திறமைக்கும் ஏற்கெனவே முழு இடம் கொடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றில் தேறினால் போதும். வழக்கறிஞர்களுக்குப் பிடித்தது முதல் வழி, ஏனென்றால் அதை எண்ணிக் காட்டிவிடலாம்.

சரி, 1972-இல் வந்த சட்டத்துக்கு ரோயிங் அணிகள் ஏன் தொண்ணூறுகளில் முளைத்தன? பயம் அப்போதுதான் வந்தது. 1984-இல் குரோவ் சிட்டி வழக்கில், அரசுப் பணம் நேராகப் போய்ச் சேருகிற பிரிவை மட்டும்தான் சட்டம் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, விளையாட்டுத் துறைகள் மூச்சு விட்டன. 1988-இல் ரீகனின் வீட்டோவையும் மீறி காங்கிரஸ் அந்த ஓட்டையை அடைத்தது. 1992-இல் ஃபிராங்க்ளின் வழக்கில், பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடும் கேட்கலாம் என்று தீர்ப்பு. அதே வருடம் பிக் டென் என்கிற விளையாட்டுக் கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்கள், ஐந்து வருடத்துக்குள் விளையாடுகிறவர்களில் 40 சதவீதம் பெண்கள் என்று இலக்கு வைத்துக்கொண்டன. 1994-இல், கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ தன் வளரும் விளையாட்டுகள் பட்டியலில் பெண்கள் ரோயிங்கைச் சேர்த்தது. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸையும் வாலிபாலையும் கீழே இறக்கியதற்காகப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேல் நடந்த வழக்கு 1996-இல் மேல்முறையீட்டிலும் மாணவிகள் பக்கம் போனது, 1997-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கையில் எடுக்க மறுத்தது. அந்தப் பத்தாண்டில்தான் அயோவா, மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், டென்னசி, கான்சஸ், கான்சஸ் ஸ்டேட், டெக்சாஸ், இந்தியானா என்று வரிசையாக அணிகள் வந்தன. மினசோட்டாவும் ஓக்லஹோமாவும் அலபாமாவும் இன்னும் கொஞ்சம் பிந்தி.

பெண்கள் ரோயிங்குக்கு என்சிஏஏ சாம்பியன்ஷிப் முதலில் நடந்தது 1997-இல், வென்றது வாஷிங்டன். அந்த இலையுதிர் காலத்தில்தான் நான் புல்வெளியில் நின்று கத்தியது.

7 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

ஏன் ரோயிங்கே என்பதை விட்டுவிட்டேன். ஆள் நிறைய வேண்டும், அது முதல் காரணம். இரண்டாவது, பதினெட்டு வயதில் ஆரம்பித்தாலும் இதில் மேலே வர முடியும். பதினெட்டு வயதில் முதல் தடவை டென்னிஸ் மட்டையைப் பிடிக்கிறவள் பல்கலைக்கழக அணிக்குள் நுழையவே முடியாது. இதில் உயரமும் நுரையீரலும் பிடிவாதமும் இருந்தால் இரண்டு வருடத்தில் முதல் படகில் இருக்கலாம். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

9 செப்டம்பர்

மல்யுத்தம். இதைக் கேட்டவர் கோபமாகவே கேட்டிருக்கிறார், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் விடுதியில் மூன்றாவது மாடியில் ஒரு மல்யுத்த வீரன் இருந்தான். அவன் முன்பு சேர்ந்திருந்த கல்லூரியில் அணியை மூடிவிட்டார்கள் என்று இங்கே மாறி வந்தவன். சாப்பாட்டுக் கூடத்தில் ரோயிங் சட்டை போட்ட எங்களைப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவான். அப்போது எனக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது அவன் முகம் ஞாபகம் வருகிறபோதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது. பத்து வயதிலிருந்து செய்ததை ஒருவனிடமிருந்து பிடுங்கினால் அவன் யாரைக் கோபித்துக்கொள்வான்?

ஆனால் பிடுங்கியது யார்? ஆண்கள் அணியை மூடு என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. மல்யுத்தப் பயிற்சியாளர்கள் சங்கம் 2002-இல் மத்திய கல்வித் துறையின் மேலேயே வழக்குப் போட்டது, 2003-இல் தள்ளுபடி ஆனது, மறு வருடம் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. எந்த அணியை வைப்பது, எதை மூடுவது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகம் எடுக்கிற முடிவு. ஃபுட்பாலுக்கு அப்போது 85 பேருக்கு முழு உதவித்தொகை, அதற்கு மேல் உதவித்தொகை இல்லாமல் இன்னும் இருபது, முப்பது பேர். அதில் ஒரு பத்துப் பேரைக் குறைக்கலாமா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மல்யுத்தம் எளிதாகக் கழிபட்டது, ரோயிங் எளிதாகச் சேர்ந்தது, நடுவில் ஃபுட்பால் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது மாடிப் பையனும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

10 செப்டம்பர்

ஒரு திருத்தம், 9-ஆம் தேதி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். ஃபுட்பாலுக்கு 85 என்றதும் ஒருவர் "உங்களுக்கும்தான் 20 பேருக்கு இலவசம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த 20 வேறு மாதிரி. அப்போது ஃபுட்பாலில் 85 என்றால் 85 ஆள், ஒவ்வொருவருக்கும் முழுத் தொகை. பெண்கள் ரோயிங்கில் 20 முழுத் தொகைக்குச் சமமான பணத்தைத் துண்டு போட்டு எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரிக்க முடிந்தது. அதனால் ஒருத்திக்குப் பாதிக் கட்டணம், இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும், நிறையப் பேருக்கு ஒன்றுமே இல்லை. எங்கள் படகில் எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் ஏதோ கிடைத்தது. எனக்கு முதல் இரண்டு வருடம் சட்டையும் காலுறையும் காலை ரொட்டியும்.

13 செப்டம்பர்

ரொட்டி என்றதும் ஒரு கதை. கல்லூரிப் பெண்கள் படகில் காக்ஸ் குறைந்தது 110 பவுண்டு இருக்க வேண்டும், ஐம்பது கிலோ. நான் அப்போது நாற்பத்தெட்டுக்கும் கீழே. குறைகிற எடையைப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். மற்றவர்கள் மணல் வைத்திருந்தார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன், அடுத்த வாரம் பார்சல் வந்தது. பழைய வேட்டித் துணியில் நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்ட பை, உள்ளே இரண்டரைக் கிலோ பொன்னி அரிசி. கூடவே ஒரு சீட்டு: "மணல் எதற்கு? பசித்தால் இது உதவும்." போட்டி அன்று எடை பார்க்கிற அதிகாரி அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, சிரித்துக்கொண்டே மேலே டேப் ஒட்டிக் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க என் கால்மாட்டில் அந்தப் பைதான். எனக்கு நேரெதிரே, ஸ்ட்ரோக் இருக்கையில் இருந்தவள் புறப்படும் முன்னால் குனிந்து அதை ஒரு தட்டுத் தட்டுவாள், சகுனமாம். சீசன் முடிந்ததும் எட்டுப் பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அந்த அரிசியைக் களைந்து பொங்கல் வைத்தார்கள். ஆறடிப் பெண்கள் எட்டுப் பேர் தரையில் கால் மடக்கத் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்டது இன்றைக்கும் அம்மாவுக்குப் பெருமைப் பேச்சு.

14 செப்டம்பர்

நேற்று கதையில் மிதந்துவிட்டேன். முதல் வருடம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பொங்கலாகத் தெரியும்.

படகுக் கொட்டகை இல்லை. வேலி போட்ட மண் தரையில் இரும்புச் சட்டம் அடித்துப் படகுகளை மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருந்தோம். உடை மாற்ற இடம் இல்லை, வேனுக்குள் ஆளுக்கு ஆள் துண்டைப் பிடித்துக்கொண்டு மாற்றுவோம். காலை ஐந்தரைக்கு ஆற்றில் இறங்கும்போது துடுப்பின் கைப்பிடியில் பனி உறைந்திருக்கும். எதிர்க்கரையில் ஃபுட்பால் மைதானத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், ஆளே இல்லாத மைதானத்துக்கு அந்த நேரத்தில் ஏன் விளக்கு என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. கொட்டகை வந்தது மூன்றாவது வருடம். அதுவும் ஒரு மாணவியின் அப்பா, வக்கீல், ஒரு கடிதம் எழுதிய பிறகு.

இது எங்களுக்குப் புதிதாக நடந்ததும் இல்லை. 1976-இல் யேல் பெண்கள் பட்ட பாடு இதைவிட மோசம். பயிற்சி முடிந்ததும் ஆண்கள் படகுக் கொட்டகையில் வெந்நீரில் குளிப்பார்கள், பெண்களுக்கு அங்கே குளிக்க இடமில்லை. நனைந்த உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்து ஆண்கள் வரும்வரை குளிரில் காத்திருக்க வேண்டும். ஒருத்திக்கு நிமோனியா வந்தது. மார்ச் 3-ஆம் தேதி கேப்டன் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பேர் பெண்கள் விளையாட்டுக்குப் பொறுப்பாளராக இருந்த ஜோனி பார்னெட்டின் அலுவலகத்துக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி நின்றார்கள். முதுகிலும் மார்பிலும் நீல எழுத்தில் டைட்டில் நைன். யேல் சுரண்டுகிற உடம்புகள் இவைதான் என்று ஆரம்பிக்கிற அறிக்கையைக் கிறிஸ் எர்ன்ஸ்ட் வாசித்தார். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அதே வருடம் மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்கள் ரோயிங் நடந்தது, கிறிஸ் எர்ன்ஸ்ட் அதில் அமெரிக்காவுக்காக வலித்தார். அவர்கள் தூரம் அப்போது 1000 மீட்டர்தான், ஆண்களுக்கு 2000. பெண்களால் 2000 முடியும் என்று ஒலிம்பிக் நம்புவதற்கு 1988 ஆக வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துடுப்பு வேண்டும் என்று ஏங்கிய பெண்கள் முதலில் இருந்தார்கள். கணக்கு பிறகுதான் வந்தது.

20 செப்டம்பர்

ஒரு வாரமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பட்டியல். எங்கள் முதல் இலையுதிர் காலத்தில் எழுபதுக்கும் மேல் பெயர்கள் இருந்தன. அக்டோபரில் முதல் போட்டி, ஐந்து கிலோமீட்டர் நீளப் போட்டி. அதற்கு முந்தின வாரம் பயிற்சியாளர் ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு, "போட்டி வரை மட்டும் இரு, பிறகு வேண்டுமானால் போய்க்கொள்" என்று கெஞ்சினார். எனக்கு அப்போது அது அன்பாகத்தான் பட்டது. வருடங்கள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது: 1994-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடா வருடம் விளையாட்டுக் கணக்கை வெளியிட வேண்டும், அதில் முதல் போட்டி நாளன்று அணியில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களை எண்ணுவார்கள். மறுநாள் எத்தனை பேர் விலகினாலும் அந்த எண் எண்தான். பிப்ரவரியில், கரையில் துடுப்பு வலித்துப் பழகுகிற எர்க் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். உண்மையான சீசன் வசந்தத்தில், 2000 மீட்டர் போட்டிகள் எல்லாம் அப்போதுதான்.

விலகியவர்களில் என் அறைத்தோழியும் ஒருத்தி. நான் காக்ஸ் ஆனதே அவளால்தான். அவளுக்கு நான்காவது படகில்கூட நிரந்தர இடம் இல்லை. படகு பத்தவில்லை, முறை வைத்து ஏறினார்கள், முறை வராத நாளில் கரையில் ஓடச் சொன்னார்கள். ஒருநாள் வந்து, "நான் இங்கே எதற்கு இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது போல" என்றாள். அந்த வருட அறிக்கையில் அவள் பெயருக்கும் ஒரு ஒன்று விழுந்திருக்கும். அவளுக்குக் கிடைத்தது என்ன?

6-ஆம் தேதி நான் எழுதியதை இங்கே திருத்துகிறேன். கணக்கு எங்களிடம் மறைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தேன். காக்ஸ்களிடம் மறைக்கவில்லை. கரையில் ஓடியவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

21 செப்டம்பர்

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் கிடையாது. 2011-இல் நியூயார்க் டைம்ஸ் தோண்டி எழுதியது. சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பெண்கள் கிராஸ் கன்ட்ரி பட்டியலில் 71 பேர், 2009-இல் அதில் பாதிக்கு மேல் ஒரு போட்டியில்கூட ஓடவில்லை. ரோயிங்கில் இது இன்னும் வசதி. என்சிஏஏ சாம்பியன்ஷிப்புக்கு ஒரு பல்கலைக்கழகம் அனுப்புவது இரண்டு எயிட் (எட்டுப் பேர் வலிக்கிற படகு), ஒரு ஃபோர் (நாலு பேர் வலிக்கிறது). காக்ஸோடு சேர்த்து ஒன்பது, ஒன்பது, ஐந்து. மொத்தம் 23 இருக்கை. பட்டியலில் அறுபது, எண்பது, அதற்கும் மேல். எல்லாரும் சாம்பியன்ஷிப்புக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மூன்றாவது, நான்காவது எயிட்டுக்கும் தனிப் போட்டிகள் உண்டு, அதில் வலித்தவர்கள்தான் மறு வருடம் முதல் படகுக்கு வருவார்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கு உட்காரப் படகும், பார்த்துத் திருத்தப் பயிற்சியாளரும், ஏற ஒரு போட்டியும் இல்லாவிட்டால் அதை வாய்ப்பு என்று எழுதுவது பொய்.

22 செப்டம்பர்

"அப்படியானால் நான் சொன்னதுதானே" என்று கேள்வி கேட்டவர் வந்திருக்கிறார். இல்லை. பட்டியலை ஊதிக் காட்டுகிறார்கள் என்பதற்காக அணியே வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

டெக்சாஸைப் பாருங்கள். அங்கே மாணவிகள் 1992-இல் வழக்குப் போட்டு, 1993-இல் சமரசமாகி, சாக்கரும் (நம் ஊர்க் கால்பந்து) சாஃப்ட்பாலும் வந்தன. ரோயிங் அதற்குப் பின்னால். 1998-இல் அணியைக் கட்டியெழுப்ப வந்தவர் கேரி கிரேவ்ஸ். விஸ்கான்சினில் படிக்கும்போது துடுப்புப் பிடித்தவர், 1976-இல் மாண்ட்ரியலில் எயிட்டில் வெண்கலம், 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம். அந்த டெக்சாஸ் அணி 2021, 2022, 2024 மூன்று வருடமும் தேசிய சாம்பியன். பூஜ்யத்திலிருந்து அந்த இடத்துக்கு வரக் கால் நூற்றாண்டு கூட ஆகவில்லை.

நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அமெரிக்கப் பெண்கள் எயிட் 2006 முதல் 2016 வரை ஒவ்வொரு வருடமும் உலகப் போட்டியோ ஒலிம்பிக்கோ வென்றது. பெய்ஜிங், லண்டன், ரியோ மூன்றிலும் தங்கம். அதில் பெய்ஜிங்கிலும் லண்டனிலும் வலித்த சூசன் ஃபிரான்சியா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் துடுப்பைத் தொட்டவர். அந்த இரண்டு படகுக்கும் காக்ஸ் மேரி விப்பிள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர். அவர் போட்டியில் பேசுகிற ஒலிப்பதிவு கிடைத்தால் கேளுங்கள், காக்ஸ் வேலை வெறும் கத்தல் இல்லை என்று புரியும். என்னைக் கத்தச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள், கத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

28 செப்டம்பர்

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் முப்பத்தெட்டு பேரில் வெள்ளையர் இல்லாதவர் நானும் இன்னொருத்தியும்தான். தொண்ணூறுகளில் சேர்த்த விளையாட்டுகள் ரோயிங், சாக்கர், கோல்ஃப், லக்ராஸ் என்று இருந்ததால், புதிதாகத் திறந்த கதவு பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்களுக்கே திறந்தது என்று கறுப்பினப் பெண்கள் சொல்கிறார்கள். அது சரிதான். ஆற்றங்கரையில் கிளப் இருக்கிற ஊர்ப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும்.

அதனால்தான் அனிதா டிஃப்ரான்ட்ஸ் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. கறுப்பினப் பெண், கனெக்டிகட் கல்லூரியில் படிக்கப் போன இடத்தில் படகைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1976 மாண்ட்ரியல் எயிட்டின் கேப்டன், வெண்கலம். பிறகு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் துணைத் தலைவர் வரை போனார். வந்து சேர்கிறவளுக்கு அங்கேயே கற்றுக்கொடுக்கிற அணியால்தான் அப்படி ஒருவர் வர முடிந்தது. இன்றைக்குப் பெரிய அணிகள் பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று தேர்ந்த பெண்களைக் கொண்டுவருகின்றன. வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புல்வெளியில் மேசை போட்டு உயரமான பெண்ணை நிறுத்திப் பேசுகிற வழக்கம் போய்விடக் கூடாது.

4 அக்டோபர்

"இனிமேல் என்ன?" என்று ஒருவர். அவருக்கு.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதை ஏற்கிற பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை வரம்பு போய், ஆள் வரம்பு வந்துவிட்டது. ஃபுட்பால் 105, பெண்கள் ரோயிங் 68. இனிமேல் நூற்றுக்கு மேல் பட்டியல் போட முடியாது. ஊதிக் காட்டுகிறதற்கு ஒரு மூடி விழுந்தது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் இன்னொரு பக்கம் தெரிந்தது: இடம் சுருங்கினால் முதலில் வெளியே போகிறவள் துடுப்பையே பார்த்திராத பெண், என்னைப் போல, என் அறைத்தோழியைப் போல. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அதே சமரசத்தில் பல்கலைக்கழகங்கள் 2025-26-இல் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேராகப் பங்கு கொடுக்கலாம் என்று ஆனது. பெரிய பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. அந்தப் பணமும் டைட்டில் நைனுக்குக் கட்டுப்பட்டது என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை சொன்னது, ஆட்சி மாறிப் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய வருடங்களுக்கான நஷ்ட ஈட்டைப் பிரித்த விதத்தை எதிர்த்து எட்டு வீராங்கனைகள் அந்த ஜூனிலேயே மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

பணம் போகிற பக்கம் பார்த்தால் சின்ன அணிகளுக்குத்தான் ஆபத்து. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2020-இல் பெண்கள் ரோயிங்கை மூடுவதாக அறிவித்தது. 12 பேர் வழக்குப் போட்டார்கள். 2021 மே மாதம் நீதிபதி அண்டர்ஹில் தடை விதித்தார், அணி தப்பித்தது. அதே காலத்தில் அயோவாவில் பெண்கள் நீச்சல் அணியை மூடப் போனார்கள், நான்கு நீச்சல் வீராங்கனைகள் வழக்குப் போட்டு, ரோயிங் பட்டியலை ஊதிக் காட்டித்தான் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள் என்று வாதாடினார்கள். நீச்சல் திரும்பி வந்தது, கூடவே பெண்கள் மல்யுத்த அணியும் வந்தது. மூன்றாவது மாடிப் பையனுக்கு அது தெரிந்தால் என்ன சொல்வான் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

11 அக்டோபர்

ஒரு அம்மா தனியாக எழுதிக் கேட்டார், மகளை ஒரு பல்கலைக்கழகத்தில் துடுப்புத் தெரியாதவர்களையும் சேர்க்கிற ரோயிங் அணிக்கு அழைத்திருக்கிறார்களாம், ஐந்தடி பத்து அங்குலம், நீச்சல் தெரியும், படகு தெரியாது, சேரட்டுமா என்று. அவர் அனுமதியோடு இங்கேயே பதில்.

தாராளமாகச் சேரட்டும் அம்மா. கை காய்க்கும், காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும், முதல் மாதம் அழுவாள். ஆனால் எட்டுத் துடுப்பும் ஒன்றாக நீரில் இறங்குகிற அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் விடமாட்டாள். பயிற்சியாளரிடம் எத்தனை பேர் அணியில் என்று கேட்காதீர்கள், அதைப் பெருமையாகவே சொல்வார்கள். போன ஏப்ரலில் ஒரு சாதாரண சனிக்கிழமை எத்தனை படகு போட்டிக்குப் போனது என்று கேளுங்கள்.

13 அக்டோபர்

அந்த அம்மா கேட்டுவிட்டார்கள். பட்டியலில் 66 பேராம், ஏப்ரலில் மூன்று எயிட்டும் இரண்டு ஃபோரும் போயினவாம். நேரான பதில், நல்ல அறிகுறி. இருபத்தேழும் பத்தும் முப்பத்தேழு. மீதி 29 பேர் சனிக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று இன்னொரு தடவை போன் போட்டுக் கேளுங்கள் அம்மா.